இரண்டாவது சுடர்

ப்ளைனாய் ஃபெஸ்டினியோகில்
மழை கடைசியாக எப்போது நின்றது என்று கேட்டால்
யாரும் உடனே சொல்லமாட்டார்கள்.
அன்றும் பெய்தது.
கவுன்சில் அட்டை கழுத்தில் ஆட
எலுனெட் ப்ரோதெரோவின் கதவைத் தட்டினேன்.
கதவும் என் பட்டியலில் உண்டு.
கடிதத் துளைக்குத் தூரிகை முடி,
நிலைப்படியில் ரப்பர் நாக்கு.
சாத்தினால் சின்னதாய் ஒரு பெருமூச்சு.
தேறியது.

வீடு விலைக்கு வந்திருக்கிறது.
வாங்குகிறவரின் வக்கீல் ஒரு தாள் கேட்கிறார்:
ஏழு ஜன்னல் மாற்றினீர்களே,
எவரிடம் சொல்லி மாற்றினீர்கள்?

எவரிடமும் சொல்லவில்லை.
கெதின் தானே வாங்கி, தானே பொருத்தியது.
ஒன்பது வருடத்துக்கு முன் ஓர் ஈஸ்டர் வாரம்
சுவரில் ஏழு ஓட்டை, ஓட்டைக்கொரு தார்ப்பாய்.
கோட்டைக் கழற்றாமல் சூப் குடித்தார்களாம்.
ரசீது?
அவருடன் போயிற்று.
அவர்?
ரெக்ஸாமில். அவ்வளவுதான் தெரியும்.

நல்லது, என்றேன்.
கெட்டது என்று எழுதப் படிவத்தில் இடமில்லை.
பையிலிருந்து லைட்டரை எடுத்தேன்.
நான் புகைப்பதில்லை என்று
எல்லா வீட்டிலும் முதலிலேயே சொல்லிவிடுவது வழக்கம்.

இரட்டைக் கண்ணாடி முன் ஒரு சுடர் பிடித்தால்
உள்ளே நான்கு தெரியும்:
இரண்டு தகடு, நான்கு முகம்.
நான்கும் ஒரே நிறமென்றால் வெறும் கண்ணாடி.
ஒன்று மட்டும் கத்திரிப்பூ நிறத்துக்குத் திரிந்தால்
அந்த முகத்தில் ஒரு பூச்சு இருக்கிறது,
கண்ணுக்குப் படாத மெல்லிய வெள்ளி;
அறையின் சூட்டை அறைக்கே திருப்பித் தருவது.

கூடத்தில், இரண்டாவது சுடர் கத்திரிப்பூ.
சமையலறையில் அதுவே.
மூன்றாவது ஜன்னலில் அவரே விளக்கை அணைத்தார்,
நன்றாகத் தெரியட்டும் என்று.
மகள் லெய்கியின் அறையில்
தேறியதை நான் சொல்லும் முன்பே
"ஆமாம்" என்றார்.

ஏழாவது, பின்பக்கத்துச் சின்ன அறை.
உள்ளே கட்டிலின் சட்டம், நான்கு அட்டைப் பெட்டி,
வலைப்பையில் வெங்காயம்.
பிடித்தேன். நாலும் மஞ்சள்.
கோணம் மாற்றினேன்.
காற்றில்லாத அறையில் காற்றைப் பழி சொன்னேன்.
நாலும் மஞ்சள்.

"சரக்கு மாறி வந்திருக்கும்," என்றேன்.
இதுபோல நூறு வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

"மாறவில்லை.
அப்போது அவர் படுத்தது இங்கேதான்.
ஜன்னல் வாங்கப் போனபோதே
இங்கேதான்."

அப்புறம்,
"குளிர்கிற அறையாயிற்றே என்று
ஒன்பது வருடமாக இங்கே வெங்காயம் வைக்கிறேன்," என்றார்.

என் வேலையைச் செய்தேன்.
அன்று செய்ததற்கு அன்றைய விதி:
ஒன்று புள்ளி ஆறுக்குள் இருந்திருக்க வேண்டும்.
இது இரண்டு புள்ளி எட்டுக்குக் குறையாது.
இன்று மாற்றினால் இன்றைய விதி:
ஒன்று புள்ளி நான்கு. கூடவே, ஜன்னல் தலைப்பில்
காற்றுக்கு ஒரு கீறல்.
இண்டு இடுக்கில்லாமல் அடை என்று
இருபது பக்கம் எழுதிய அதே அரசு
இன்னொரு புத்தகத்தில்
மூச்சுவிட வழி வை என்கிறது.
வழக்கமாக இந்த இடத்தில் சிரிப்பார்கள்.

"எவ்வளவு ஆகும்?"
சொன்னேன்.
"அவருக்கும் ஒரு கடிதம் போடலாம்,
பொருத்தியவர் என்ற முறையில்," என்றேன்.
கேட்காதது போல லைட்டருக்குக் கை நீட்டினார்.

முதல் உரசலில் பற்றவில்லை.
மூன்றாவதில் பற்றியது.
கண்ணாடிக்குள் நான்கு சுடர்,
அதற்கு அப்பால் கற்பலகைக் குவியல்மேல் மழை.
வெங்காயம் ஒன்று முளைவிட்டு
ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது.

ஏழில் ஆறு தேறியது,
ஒன்று தேறவில்லை, காரணம் பூச்சு இல்லை
என்று எழுதி, தேதி போட்டு நிமிர்ந்தேன்.
இன்னும் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

திருப்பித் தந்தபோது
லைட்டரின் தலை
கையில் வைக்க முடியாதபடி சுட்டது.